கல்லை எடுத்தாயிற்று, அப்புறம்?

1980 பிப்ரவரி 7 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில், சிறுநீரகக் கல் உள்ள ஒருவரைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் இறக்கிப் படுக்க வைத்தார்கள். தொட்டியைச் செய்து கொடுத்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். அதிவேகமாகப் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதினால் எழும் அதிர்வலை உலோகத்தை என்ன பாடு படுத்துகிறது என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அலையைக் கல்லின்மேல் குவித்தால் என்ன என்ற யோசனைதான் தொட்டியாக வந்து நின்றது. கிறிஸ்டியன் சௌஸியும் அவருடைய சக மருத்துவர்களும் அன்று கத்தியைத் தொடாமலே கல்லை உடைத்தார்கள்.

அதுவரை பெரும்பாலும் விலாவுக்குக் கீழே சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் கல்லை எடுத்தார்கள். முதுகில் சிறு துளை போட்டு எடுக்கும் முறையை 1976இல் சுவீடன் மருத்துவர்கள் தொடங்கியிருந்தார்கள். அப்புறம் லேசர் வந்தது. இன்று நம் மாவட்டத் தலைநகரங்களில்கூடக் காலையில் சேர்ந்து, ஓரிரு நாளில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயோடு வீட்டுக்குப் போய்விடலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எடுப்பது இவ்வளவு சுலபமானதும், ஏன் வந்தது என்று கேட்பது பல இடங்களில் நின்றே போயிற்று.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், முதல் முறையாகக் கல் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். 2 ஆண்டுகளுக்குள் 11 சதவீதம் பேருக்கு மறுபடி வலியோடு கல் வந்தது. 5 ஆண்டுகளில் அது 20 சதவீதம், 10 ஆண்டுகளில் 31, 15 ஆண்டுகளில் 39. இது வலியோடு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் கற்களையும் ஸ்கேன் எடுத்து எண்ணினால் இன்னும் ஏறும். இரண்டாவது கல் வந்தவருக்கு மூன்றாவது வரும் வாய்ப்பு மேலும் கூடுதல்.

நம் ஊரில் கல்லை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பால், தயிர் பக்கம் போகாதே. தக்காளி தொடாதே. போர் தண்ணீர் குடிக்காதே. வாழைத்தண்டுச் சாறு குடி. இந்த நான்கில் முதலாவது கெடுதல், இரண்டாவது தேவையற்றது. மூன்றாவதால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. நான்காவது உதவினால் அதற்கு முக்கியக் காரணம், அதில் நிறையத் தண்ணீர் இருப்பதுதான். ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு, கல் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கற்கண்டு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கும் தண்ணீரில் கொள்ளுமட்டும் சர்க்கரையைக் கரைத்து, நூல் கட்டித் தொங்கவிட்டு, ஆறவிடுவார்கள். ஆறிய தண்ணீரால் அவ்வளவு சர்க்கரையைத் தாங்க முடியாது. மிஞ்சியது நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். இந்த நிலையை வேதியியலில் அதிதெவிட்டிய கரைசல் என்பார்கள். சிறுநீரும் அப்படிப்பட்ட கரைசல்தான். நம் எல்லோருடைய சிறுநீரிலும் கால்சியமும் ஆக்சலேட்டும் தூய தண்ணீர் தாங்கக்கூடிய அளவைவிட அதிகமாகவே இருக்கின்றன. அப்படியும் எல்லோருக்கும் கல் வராததற்குக் காரணம், அதே சிறுநீரில் படிகம் சேரவிடாமல் தடுக்கும் பொருள்களும் இருப்பது. அவற்றில் தலையாயது சிட்ரேட். அது கால்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு ஆக்சலேட்டிடம் சேரவிடாமல் வைத்திருக்கும். மக்னீசியமும் சில புரதங்களும் அதற்குத் துணை.

அப்படியானால் நூல் எது? 1937இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டால், இறந்தவர்களின் சிறுநீரகங்களை வெட்டிப் பார்த்தபோது, சிறுநீர் சொட்டும் முகட்டுப் பகுதியில் சுண்ணாம்புத் திட்டுகளைக் கண்டார். சிலவற்றில் அந்தத் திட்டின்மேல் ஒரு குட்டிக் கல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை வெகுகாலம் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2003இல் ஆண்ட்ரூ ஈவன், ஃப்ரெட்ரிக் கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சையின்போது எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து, அந்தத் திட்டு எங்கே பிறக்கிறது என்று காட்டினார்கள். சிறுநீரகத்தின் மிக மெல்லிய குழல்களைச் சுற்றியிருக்கும் படலத்தில் கால்சியம் பாஸ்பேட் படிந்து, மெல்ல மெல்ல வளர்ந்து, ஒருநாள் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைகாட்டுகிறது. அதன்பிறகு சிறுநீரில் மிதக்கும் கால்சியம் ஆக்சலேட் அதன்மேல் அடுக்கடுக்காகப் படிகிறது. நள்ளிரவில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறுவது அந்த நீண்ட கதையின் கடைசிப் பக்கம். உடைத்து எடுத்தபின்னும் திட்டு அங்கேயே இருக்கிறது, சிறுநீரும் அதே சிறுநீர்தான்.

கற்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கால்சியம் கற்கள், அவற்றிலும் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட். மற்றவை யூரிக் அமிலக் கல், கிருமித் தொற்றால் வளரும் கல், பரம்பரைக் கோளாறால் வரும் சிஸ்டின் கல். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும். ஆனால் எல்லாக் கற்களுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. அது தண்ணீர்.

‘நிறையத் தண்ணீர் குடி’ என்று எல்லோரும் சொல்வதால் அது பாட்டி வைத்தியம் போல ஆகிவிட்டது. ஆனால் அதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் பார்மா நகரில் லோரிஸ் போர்கி என்பவர், முதல் முறை கால்சியம் கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு, ஒரு நாளில் 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடிக்கச் சொன்னார். மறுபாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. 5 ஆண்டுகள் கழித்து, தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியிருந்தது. 1996இல் வெளியான முடிவு இது. மாத்திரை இல்லை, செலவு இல்லை, பாதிக்கும் மேல் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் அளந்தது குடித்த தண்ணீரை அல்ல, கழிந்த சிறுநீரை. எட்டு டம்ளர், பத்து டம்ளர் என்று எண்ணுவதில் அர்த்தமில்லாமல் போவது இங்கேதான். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் 3 லிட்டர் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராக வரும். மே மாதத்தில் தார் போடும் வேலையில் நிற்பவர் அதே 3 லிட்டரை வியர்வையாக விட்டுவிடுவார். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் கல் வந்தவர்களுக்குச் சொல்லும் இலக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர். ஒரு விடுமுறை நாளில் லிட்டர் பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்கள். பெரும்பாலோர் ஒன்றேகால் லிட்டரிலேயே நின்றுவிடுவார்கள். குடிப்பதையும் பரவலாகக் குடிக்க வேண்டும். காலையில் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடித்துவிட்டு மாலைவரை வறண்டு கிடந்தால், வறண்ட அந்த நேரத்தில் படிகம் வளரும். இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

காபி, டீ குடிக்கலாமா? தாராளமாக. பல ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் காபி, டீ குடிப்பவர்களுக்குக் கல் குறைவாகவே வந்திருக்கிறது, சர்க்கரை போட்ட குளிர்பானம் குடிப்பவர்களுக்குத்தான் அதிகம். டீயில் ஆக்சலேட் உண்டு என்பது உண்மை. நாம் அதில் பாலை ஊற்றிவிடுகிறோம்; பாலிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டில் ஒரு பங்கைக் கோப்பையிலும் குடலிலுமே பிடித்துவைத்துவிடும்.

தண்ணீர் குடி என்று சொல்வது எளிது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் வெப்பத்தில் உழைப்பவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். உருக்காலைத் தொழிலாளர்களிடம் வெப்பத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உள்ள தொடர்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2016இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு பெண் தொழிலாளர்களைப் பற்றியது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், வந்ததை அடக்கிக்கொள்கிறார்கள். செங்கல் சூளையில் நிற்கும் பெண்ணிடம் தண்ணீர் குடியுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பும் மருத்துவர், குடித்தால் எங்கே போவாள் என்பதையும் யோசிக்க வேண்டும். வளைகுடா வெயிலில் கட்டட வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கும் இதே சங்கடம்தான். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலைவிட மேற்பார்வையாளரின் அனுமதி கிடைப்பது கடினம்.

இனி பாலுக்கு வருவோம்.

கல்லில் கால்சியம் இருக்கிறது. ஆகவே கால்சியம் சாப்பிடக் கூடாது. இந்த வாதம் அவ்வளவு நேராக இருப்பதால்தான் பல பத்தாண்டுகள் மருத்துவர்களும் இதையே சொல்லி வந்தார்கள். 1993இல் ஹார்வர்டின் கேரி கர்ஹான், 45 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க ஆண்களின் உணவுப் பழக்கத்தை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வை வெளியிட்டார். உணவில் மிக அதிகமாகக் கால்சியம் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சேர்த்துக்கொண்டவர்களைவிட, கல் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு! எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ்.

ஆனால் இப்படிக் கவனிக்கும் ஆய்வில் ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். பால் குடிப்பவர்கள் வேறு ஏதோ ஒரு நல்ல பழக்கத்தாலும் தப்பித்திருக்கலாம். அதைத் தீர்த்து வைத்தவர் மறுபடியும் போர்கி. சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை அவர் எடுத்துக்கொண்டார். கால்சியத்தைத் தடை செய்ய வேண்டுமென்றால் இவர்களுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் மட்டும் கால்சியம் உள்ள பழைய பத்தியம். மறுபாதிக்கு வழக்கமான 1200 மில்லிகிராம் கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. 5 ஆண்டுகள் முடிந்தபோது கால்சியத்தைத் தவிர்த்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியம் சாப்பிட்டு உப்பைக் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் திரும்பியது. 2002இல் இது வெளிவந்தபின் பாலைத் தடுக்கும் பத்தியத்துக்கு அறிவியலில் இடமே இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்தப் பத்தியம் நம்மூர் மருந்துச் சீட்டுகளை விட்டுப் போகாதது வருத்தம்தான்.

காரணம் குடலில் இருக்கிறது. சாப்பாட்டிலுள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் குடலில் சந்தித்தால் அங்கேயே சேர்ந்து, கரையாத உப்பாகி, மலத்தோடு போய்விடும். கால்சியத்தை நிறுத்திவிட்டால் துணையில்லாத ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வந்து சேரும். போர்கியின் ஆய்வில் இரண்டு அணிக்கும் சிறுநீரில் கால்சியம் குறைந்தது. ஆனால் பாலைத் தவிர்த்தவர்களுக்கு ஆக்சலேட் ஏறியது, மற்றவர்களுக்கு இறங்கியது. சிறுநீரில் ஆக்சலேட்டின் அளவு கால்சியத்தைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் அது சில மில்லிகிராம் ஏறினாலே பாதிப்பு பெரிது. போதாததற்கு, சாப்பாட்டில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தியவருக்குக் கல்லும் வரும், எலும்பும் தேயும்.

எனவே மோர், தயிர், பால் எதையும் நிறுத்த வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாளளவு 1000 மில்லிகிராம் கால்சியம். பெரும்பாலான வீடுகளில் அந்த அளவே எட்டுவதில்லை. கால்சியத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் ஆக்சலேட்டைக் குடலில் சந்திக்க வேண்டும். மாத்திரையாகச் சாப்பிடும் கால்சியம் வேறு கதை. 1997இல் கர்ஹான் செவிலியப் பெண்களிடம் செய்த ஆய்வில், மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. வெறும் வயிற்றிலோ படுக்கப் போகும்போதோ போட்டுக்கொள்வது காரணமாக இருக்கலாம். எலும்புக்காக மாத்திரை தேவைப்பட்டால் சாப்பாட்டு நடுவே போட்டுக்கொள்ளுங்கள்.

பழி சுமக்க வேண்டியது உப்பு. சிறுநீரகக் குழல்களில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படும் வழியில் கால்சியமும் கூடவே போகும். சோடியம் அதிகமாகி வெளியே தள்ளப்பட்டால் கால்சியமும் அதனோடு வெளியே வரும். தோராயமாக, 6 கிராம் உப்பு கூடினால் சிறுநீரில் 40 மில்லிகிராம் கால்சியம் கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம் உப்பு. நாம் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறோம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு, மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ், இவை எல்லாம் உப்பு வருகிற வழிகள். நீர்மோர் நல்லதுதான், உப்பைக் கிள்ளிப் போட்டால் போதும்.

இறைச்சியும் இந்த வரிசையில் வரும். ஆடு, கோழி, மீன் எல்லாப் புரதமும் உடம்பில் அமிலச் சுமையைக் கூட்டிச் சிறுநீரின் சிட்ரேட்டைக் குறைக்கும், யூரிக் அமிலத்தை ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மூன்று வேளையும் கறி, அதற்கு மேல் உடற்பயிற்சிக் கூடத்தில் புரத மாவு என்று இருப்பவர்களைப் பற்றித்தான் கவலை.

ஆக்சலேட் விஷயத்தில் பயப்பட வேண்டியவற்றை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுகிறோம். 100 கிராம் தக்காளியில் ஆக்சலேட் சில மில்லிகிராம்தான். அதே எடைப் பாலக் கீரையில் பல நூறு மில்லிகிராம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இரண்டும் ஆக்சலேட் குறைந்தவை. அவற்றையும் தடைப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறோம். தண்டுக்கீரை, சிறுகீரை போன்ற கீரை இனங்கள், பீட்ரூட், பாதாம், முந்திரி, எள், சேப்பங்கிழங்கு ஆகியவற்றில் ஆக்சலேட் அதிகம். சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் நாக்கை அரிப்பதற்கே அவற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். ஆனாலும் கீரையை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் கரையும் ஆக்சலேட் கணிசமாகப் போய்விடும். அதே சாப்பாட்டில் தயிரோ மோரோ இருந்தால் மிச்சத்தில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். வாரத்தில் ஓரிரு நாள் கீரையால் யாருக்கும் கல் வராது. தினமும் காலையில் பச்சைப் பாலக்கை மிக்சியில் அடித்துக் குடிக்கும் புதிய பழக்கம்தான் ஆபத்து. கேரளத்தில் இரும்பன் புளி என்கிற பிலிம்பிக் காயைச் சாறாகப் பிழிந்து குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றி 2013இல் மருத்துவர்கள் எழுதினார்கள். குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, சாறாக டம்ளரில் குடிப்பது வேறு. வைட்டமின் சி மாத்திரையும் உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். சுவீடனில் 2013இல் வெளியான ஆய்வில் அதைத் தவறாமல் போட்டுக்கொண்ட ஆண்களுக்குக் கல் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுவதை அதற்காக நிறுத்தாதீர்கள். நான் சொல்வது மாத்திரையை மட்டும்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொதுவான பேச்சு. கல் திரும்ப வந்தவருக்கு இது போதாது. அவருடைய சிறுநீரில் எது கூடுதல், எது குறைவு என்று அளந்து பார்க்க வேண்டும்.

முதல் வேலை, கல்லையே கேட்பது. தானாக வெளியே வந்தாலும் சரி, அறுவையில் எடுத்தாலும் சரி, அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அகச்சிவப்பு ஒளியில் வைத்து அது எதனால் ஆனது என்று சொல்லிவிடுவார்கள். கல் இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் வடிகட்டியில் சிறுநீர் கழித்தால் மணல் அளவு துணுக்குகூடக் கிடைக்கும். பலர் கல்லைக் காகிதத்தில் மடித்து பீரோவில் வைத்திருக்கிறார்கள், உறவினருக்குக் காட்டுவதற்காக. அந்தக் கல்லே போதும், இன்றைக்கும் சோதிக்கலாம்.

இரண்டாவது, ரத்தம். கால்சியம், யூரிக் அமிலம், கிரியாட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட். ரத்தத்தில் கால்சியம் கூடியிருந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அரிசி அளவே இருக்கும் அந்தச் சுரப்பிகளில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை ஓயாமல் இறக்கிக்கொண்டிருக்கும். அதை அறுத்து எடுக்காமல் கல்லை மட்டும் உடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று முறை லேசர் செய்தும் யாரும் ஒருமுறைகூட ரத்தக் கால்சியம் பார்க்காத நோயாளிகள் இருக்கிறார்கள். இதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே நினைக்கிறேன். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

மூன்றாவது, 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை. ஆய்வகம் ஒரு கேன் கொடுக்கும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கேனில் சேர்க்கக் கூடாது, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் பகல், இரவு எல்லாவற்றையும் பிடித்து, மறுநாள் அதே நேரத்தில் கழிப்பதையும் சேர்த்தால் முடிந்தது. சோதனைக்காகவென்று அன்று நல்ல பிள்ளையாக நிறையத் தண்ணீர் குடிப்பதும் பத்தியம் இருப்பதும்தான் பலர் செய்யும் தவறு. வழக்கமான நாள் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். கல் வலி, அறுவை எல்லாம் முடிந்து ஒன்றரை மாதமாவது கழித்துச் செய்வது நல்லது. இரண்டு தடவை செய்தால் இன்னும் நல்லது. சிட்ரேட், ஆக்சலேட் அளவுகளை எல்லா ஊர் ஆய்வகங்களும் பார்ப்பதில்லை, பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

அறிக்கை வந்ததும் முதலில் மொத்த அளவைப் பாருங்கள். ஒன்றரை லிட்டருக்குக் கீழே இருந்தால் மற்ற எண்களைப் பார்ப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. கால்சியம் ஆண்களுக்கு 250 மில்லிகிராமுக்கும் பெண்களுக்கு 200க்கும் மேல் போனால் அதிகம். ஆக்சலேட் 40ஐத் தாண்டினால் அதிகம். சிட்ரேட் 320க்குக் கீழே போனால் குறைவு. சோடியம் இன்னொரு உண்மையைச் சொல்லும். ‘நான் உப்பே சேர்ப்பதில்லை டாக்டர்’ என்பவரின் சிறுநீரில் சோடியம் 200 மில்லிமோல் இருந்தால், அவர் அன்று 11 கிராமுக்கு மேல் உப்பு தின்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அப்பளத்தை உப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

மருந்து இந்த எண்களைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். சிட்ரேட் குறைந்தவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட். பார்சிலோனாவில் நடந்து 1993இல் வெளியான சோதனையில், 3 ஆண்டுகள் அதைச் சாப்பிட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குப் புதிய கல் வரவில்லை, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 சதவீதம் பேர் மட்டுமே தப்பினார்கள். நம் மருந்துக் கடைகளில் சிறுநீர் எரிச்சலுக்கென்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சிரப்புகளில் பல, சோடியம் சேர்ந்த சிட்ரேட். அதிலும் சிட்ரேட் இருக்கிறது, ஆனால் குறைக்கச் சொன்ன சோடியமும் கூடவே வருகிறது. மாதக்கணக்கில் குடிக்கிறவர்கள் புட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எலுமிச்சையில் சிட்ரேட் உண்டு என்பதால் அதையும் சோதித்தார்கள். இத்தாலியின் பெர்கமோவில் தினம் இருவேளை 60 மில்லி எலுமிச்சைச் சாறு கொடுத்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். சற்றுப் பலன் இருப்பதுபோல் தெரிந்தது, புள்ளிவிவரக் கணக்கில் உறுதியாகவில்லை. நாளாக ஆகப் பலர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். அவ்வளவு புளிப்பை யாரால் தினமும் விழுங்க முடியும்?

கால்சியம் அதிகம் போகிறவர்களுக்குத் தையசைடு மாத்திரை என்பது பல பத்தாண்டு வழக்கம். 2023இல் சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் அந்த வகை மருந்தான ஹைட்ரோகுளோரோதையசைடை மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த அளவிலும் வெறும் மாத்திரையைவிடத் தெளிவான பலன் இல்லை. பொட்டாசியக் குறைவு, கீல்வாதம், புதிதாகச் சர்க்கரை நோய் போன்ற பக்கவிளைவுகள் கூடின. சோதனையில் இருந்தவர்கள் உப்பை அதிகமாகவே சாப்பிட்டார்கள், அதனால் மருந்து தோற்றது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. வாதம் இன்னும் முடியவில்லை. உப்பைக் குறைக்காமல் இந்த மாத்திரையைப் போடுவது வீண் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

யூரிக் அமிலக் கல்லின் கதை வேறு, மகிழ்ச்சியான கதை. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களின் சிறுநீர் அமிலத்தன்மை மிகுந்திருக்கும். பி.எச். ஐந்தரைக்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரையாமல் கல்லாகிவிடும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து பி.எச். அளவை 6க்கும் ஆறரைக்கும் இடையே நிறுத்தினால் புதிய கல் வராததோடு, இருக்கிற கல்லும் கரைந்து போகலாம். மருந்தால் கரையும் கல் என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் பி.எச். 7ஐத் தாண்டவிட்டால் கால்சியம் பாஸ்பேட் கல் தொடங்கிவிடும்.

சிஸ்டின் கல் உள்ளவர்கள் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டும், இரவில் எழுந்தும் குடிக்க வேண்டும், அப்படியும் சிலருக்கு டயோப்ரோனின் போன்ற மருந்துகள் வேண்டியிருக்கும். கிருமித் தொற்றுக் கல்லைத் துணுக்கு மிஞ்சாமல் எடுத்தாக வேண்டும், மிஞ்சிய துணுக்கில் கிருமி குடியிருக்கும். குழந்தைக்குக் கல் வந்தால் மரபணுக் கோளாறைக் கட்டாயம் தேட வேண்டும். கல்லீரல் ஆக்சலேட்டை அளவில்லாமல் உற்பத்தி செய்யும் அரிய நோய்க்கு லுமாசிரான் என்ற ஊசி மருந்து 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை கல்லீரல் மாற்று ஒன்றே பலருக்கு வழியாக இருந்தது.

வாழைத்தண்டையும் மாவிலங்கப் பட்டையையும் கேலி செய்ய நான் தயாரில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வரலட்சுமியும் அவர் மாணவர்களும் மாவிலங்கப் பட்டையை எலிகளில் சோதித்து, படிகம் சேர்வது குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறும் எலிகளில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் போர்கி செய்தது போல மனிதர்களை இரு அணியாகப் பிரித்து ஐந்தாண்டு காத்திருந்து பார்த்த சோதனை இவற்றுக்கு இல்லை. அதைச் செய்ய வேண்டியது நாம்தான். அதுவரை வாழைத்தண்டைப் பொரியலாகவோ சாறாகவோ சாப்பிடுங்கள், பிடித்தால். கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையில் அடைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைக்காதீர்கள். வலி நின்றுவிட்டது என்பதால் கல் போய்விட்டது என்று ஆகாது. கல் சிறுநீர்க் குழாயிலேயே தங்கி, அடைபட்ட சிறுநீரகம் வலியில்லாமலே செத்துப்போவதும் உண்டு. ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும்.

மருந்தோ பத்தியமோ தொடங்கி ஆறு மாதத்துக்குள் 24 மணி நேரச் சோதனையை மறுபடி செய்து, எண்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போதும். கடைசியாக ஒன்று. கல் வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும், மாத்திரையும் ஊசியும் மட்டும் அதற்குப் போதாது, அடைப்பைத் திறந்து வடித்துவிட வேண்டும்.